கெட்டுப்போக மறுத்த தெற்கு வரிசை

கறம்பக்குடி கடைவீதியில் தாசில்தார் நடந்து வந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். வெள்ளைச்சாமி நடந்து வந்தால் நாலு பேர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். இதில் எது பெரிய மரியாதை என்பதில் வெள்ளைச்சாமிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. எழுந்து நிற்பது பயத்தில். ஏணி வருவது அன்பில்.

அவர் நெட்டுக்காரர். ஒரு காலத்தில் டிவிக்குக் கேபிள் இழுத்தவர், அதே கம்பத்தில் அதே ஏணியைச் சாய்த்து, கடைகளுக்கு இன்டர்நெட் இழுக்க ஆரம்பித்தார். வியாபாரிகள் சங்கக் கட்டடத்தின் வடக்கு வரிசைக் கடைகள் அத்தனைக்கும் அவர் போட்ட லைன்தான். பில் போடுகிற கம்ப்யூட்டர், திருடனைப் பார்க்கிற கேமரா, காசு வந்துவிட்டது என்று கத்துகிற சின்னப் பெட்டி எல்லாம் அவருடைய வயரில்தான் உயிர் வாழ்ந்தன. கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்து ஊரே இருட்டில் கிடந்தபோது, ஜெனரேட்டர் ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தானே தள்ளிக்கொண்டு வந்து, கரண்டு வருவதற்கு முன்னால் கடைவீதிக்கு நெட்டைக் கொண்டுவந்த மனிதர். சிங்கப்பூரில் இருந்த பிள்ளைகள் பெற்றவர்களின் முகத்தைப் பார்த்தது அவர் புண்ணியத்தில்தான். இதை ஊர் மறக்கவில்லை. மறக்க அவர் விடவும் இல்லை.

அந்த நன்றியில் மறுவருஷம் ஆயுத பூஜைக்குச் சங்கம் ஒரு வழக்கத்தை உண்டாக்கியது. பூஜையன்று சாயங்காலம் கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுப்பார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் கடை திறந்து, எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, அவல் பொரி கடலையும் இரண்டு தேங்காய் மூடியும் வைத்த முதல் தட்டு, வீதியை ஓடவைக்கிற ஆளுக்கு. சங்கத் தலைவருக்கே இரண்டாவது தட்டுதான். அன்று தொடங்கி முதல் தட்டு வெள்ளைச்சாமியின் கையை விட்டு வேறு கைக்குப் போனதில்லை. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிற அழகைப் பார்க்க வேண்டும். நேர்வழியில் போனால் வீடு கூப்பிடு தூரம். அவர் பேருந்து நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

தட்டு சும்மா வந்துவிடாது. அதற்கென்று ஒரு தொழில்முறை வைத்திருந்தார். எல்லா வயரும் கறுப்பு. எந்த வயர் எந்தக் கடைக்குப் போகிறது என்பது அவருக்கும் அவர் குலதெய்வத்துக்கும் மட்டும் தெரியும். நடுவில் ஒரு தடவை மாற்றிப் போட்டதைக் குலதெய்வத்துக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு தினுசு அடாப்டர். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். மாற்றிச் செருகினால் புகை வரும். பாஸ்வேர்டு எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. “எழுதி வச்சா எவனாச்சும் படிச்சுப்புடுவான்” என்பது அவருடைய பாதுகாப்புக் கொள்கை.

இந்த வலையின் மேல் வருஷத்துக்கு ஒரு முறை ஆயுத பூஜை வந்து இறங்கும். நம் கடைக்காரர்களுக்குச் சுத்தம் என்றால் அரைகுறை கிடையாது. நெட்டுப் பெட்டியிலிருந்து எல்லா வயரையும் பிடுங்குவார்கள். ஈரத்துணியால் துடைப்பார்கள். முகம் எது முதுகு எது என்று தெரியாததால் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் சந்தனம், குங்குமம். பிறகு வயரைக் கிடைத்த ஓட்டையில் செருகுவார்கள். கடைசியில் ஒரு முனை மிஞ்சும். பூஜை நாளில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால் மனசு ஒப்புமா? காலியாக இருக்கிற ஓட்டையில் அதையும் செருகிவிட்டுத் திருப்தியாகக் கற்பூரம் காட்டுவார்கள்.

கெட்டது அங்கேதான். அந்த மிஞ்சிய முனையின் இன்னொரு முனை ஏற்கெனவே அதே பெட்டியில் இருக்கும். பெட்டி பேசியது அதன் காதுக்கே திரும்பி வரும். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பெட்டி பதில் சொல்லும். அந்தப் பதிலும் திரும்பி வரும். கொஞ்ச நேரத்தில் பெட்டி தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டு, வரிசையில் இருக்கிற எந்தக் கடையையும் பேசவிடாது. ஒரு கடையின் பக்தியால் ஒரு வரிசையே படுத்துவிடும்.

விஜயதசமி காலையில் வெள்ளைச்சாமியின் போன் விடாமல் அடிக்கும். போய்ப் பார்த்ததும் எந்த வயர் என்று தெரிந்துவிடும். ஆனாலும் உடனே பிடுங்கினால் தொழிலுக்கு என்ன மதிப்பு? மேலே சீலிங்கைப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். “பெரிய கோளாறா இருக்கும்போல” என்பார். டீ வரும். டீ குடித்து முடித்த பிறகு பிடுங்குவார். வரிசை உயிர் பெறும், தட்டு வரும்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது சங்கம் தெற்கு வரிசை கட்டியது. வெள்ளைச்சாமி ஒரு கல்யாணத்துக்கு மணமேல்குடி போயிருந்த சமயம் பார்த்துக் கூட்டம் போட்டு, தெற்கு வரிசைக்கு நெட்டு அமைக்கிற வேலையைச் சாலா என்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம். சென்னையில் பெரிய கம்பெனிகளுக்கு நெட்வொர்க் வடிவமைத்துக்கொண்டிருந்தவள், வேலையை ஊர்ப்பக்கம் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

வந்தவள் ஏணி கேட்கவில்லை. ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி, தெற்கு வரிசை முதல் கடையான ரஞ்சிதாவின் பேன்ஸி ஸ்டோரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச்சாமி கல்யாணத்திலிருந்து திரும்பியதும் ரஞ்சிதாவிடம் விசாரித்தார்.

“என்னத்தா செஞ்சுச்சு அந்தப் புள்ள?”

“கேள்வியாக் கேட்டுச்சுண்ணே. ஒரு நெட்டுப் பெட்டியக் கொண்டாந்து வச்சு, ஆயுத பூஜைக்கு இத என்னக்கா பண்ணுவீங்கன்னுச்சு. செஞ்சு காட்டச் சொல்லுச்சு. நானும் ஈரத்துணிய எடுத்துத் தொடச்சு, பொட்டெல்லாம் வச்சுக் காட்டுனேன். வீடியோ எடுத்துக்கிருச்சு.”

“நெட்டுக்குப் படிச்ச புள்ளையா, பூசாரிக்குப் படிச்ச புள்ளையா” என்று கேட்டுவிட்டு வெள்ளைச்சாமி சிரித்த சிரிப்பு வடக்கு வரிசை வரைக்கும் கேட்டது. அவர் வாழ்க்கையில் கடைசியாக மனம்விட்டுச் சிரித்தது அதுதான் என்று பிற்பாடு சொர்ணம் சொல்லுவார். சொர்ணம் அவர் மனைவி.

தெற்கு வரிசை ஓட ஆரம்பித்தது. வயர் ஒவ்வொன்றும் ஒரு நிறம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே தினுசு அடாப்டர். எதை எதில் செருகினாலும் சரி. வயரை எந்த ஓட்டையில் விட்டாலும் பெட்டியே இது யாருடைய வயர் என்று தெரிந்துகொள்ளும். பழுதானால் சிவப்பு, நல்லாயிருந்தால் பச்சை, அவ்வளவுதான் படிப்பு. வேலை முடிந்ததும் சாலா கடைக்குக் கடை தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்து, “எதுன்னாலும் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யாரும் கூப்பிடவில்லை. கெட்டால்தானே கூப்பிடுவதற்கு?

இதற்குப் பிறகு வெள்ளைச்சாமிக்கு வந்த நோயைப் பொறாமை என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் அதற்குத் தொழில் அக்கறை என்று பெயர் வைத்திருந்தார். அந்த அக்கறையில்தான் தினமும் தெற்கு வரிசைக்குப் போய் எதையாவது வாங்கினார். சாமானா முக்கியம்? கடையின் வைஃபையைப் பிடித்துப் போனில் பணம் அனுப்பும்போது திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே நிற்காதா, “நெட்டு இல்லபோலண்ணே” என்று யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்ற ஏக்கம். அனுப்பிய மறுகணமே காசு வந்தது என்று பெட்டி கத்தும். அந்தக் குரல் அவருக்குச் சாலா சிரிப்பதுபோலவே கேட்கும்.

“ஏங்க, கிரைப் வாட்டர் எதுக்குங்க வாங்கியாந்தீங்க? நம்ம வீட்டுல எந்தப் புள்ள வயித்து வலில அழுவுது?” என்று சொர்ணம் கேட்டார்.

“கெடக்கட்டும்.”

“நேத்து ரப்பர் பேண்டு. முந்தாநாளு கண்ணாடி வளையல், அதுவும் கைக்குழந்தைக்கு. எனக்குத் தெரியாம எங்கிட்டும் குடும்பம் வச்சிருக்கீங்களா?”

“தொழில் விசயமாப் போறேன், ஒனக்குப் புரியாது.”

“தொழில் விசயமா வளையல் வாங்குற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

புரட்டாசியில் இடி மின்னல் வந்தபோது மொட்டை மாடியில் நின்று தெற்குத் திசையை ஆசையோடு பார்த்தார். மின்னல் வடக்கு வரிசையில் இரண்டு பெட்டியைக் கொண்டுபோனது. இன்னொரு நாள் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய ஜேசிபி, ஊருக்கு வருகிற கண்ணாடி இழை லைனையே அறுத்துப் போட்டது. வடக்கு வரிசை செத்தது. வெள்ளைச்சாமி அறுந்த லைனைப் பார்க்கக்கூடப் போகாமல் நேராக ரஞ்சிதா கடைக்கு நடந்தார், கிட்டத்தட்ட ஓடினார்.

“என்னத்தா, நெட்டு போயிருச்சா?”

“இல்லையேண்ணே.”

“லைனே அறுந்து கெடக்கு. எப்புடி வரும்?”

“அப்புடியாண்ணே? கொஞ்சம் மெதுவா வந்த மாதிரி இருந்துச்சு. வேறொண்ணும் தெரியலையே.”

லைன் அறுந்தால் செல்போன் டவர் வழியாகத் தானாகவே மாறிக்கொள்கிற ஏற்பாட்டைச் சாலா செய்துவிட்டுப் போயிருந்தாள். இதை வெள்ளைச்சாமியால் மன்னிக்க முடிந்தது. ரஞ்சிதா சொன்ன அந்தத் ‘தெரியலையே’யை மட்டும் மன்னிக்க முடியவில்லை. ஒரு லைன் அறுந்து, அது அறுந்தது யாருக்கும் தெரியாமல் போவதென்றால், உலகத்தில் நெட்டுக்காரன் என்று ஒருவன் எதற்கு?

சாலா கொடுத்த கார்டுகளைக் கடைக்காரர்கள் பல் குத்தியும் கணக்குப் போட்டும் தொலைத்திருந்தார்கள். ஊரில் அவளுடைய நம்பரைப் பத்திரமாக வைத்திருந்த ஒரே மனிதர் வெள்ளைச்சாமிதான். ‘தெற்கு’ என்று பெயர் போட்டுச் சேமித்திருந்தார். தினமும் காலையில் பல் விளக்கியதும் அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்ப்பார். ஏதாவது பெருமை அடித்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கலாம். அவள் எதுவுமே போட்டிருக்க மாட்டாள். காபி கசக்கும்.

அப்படியே ஆயுத பூஜை வந்தது. மின்னலும் ஜேசிபியும் கைவிட்டாலும் கடைக்காரர்களின் பக்தி கைவிடாது என்று வெள்ளைச்சாமி முழுசாக நம்பினார். இல்லையென்றால் தட்டு போய்விடும். இந்த வருஷம் முதல் தட்டைத் தெற்கு வரிசைப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா என்று சங்கத்தில் பேச்சு அடிபடுவதாக அவர் காதுக்கு வந்திருந்தது.

சாயங்காலம் வாழைக்கன்று கட்டிய ரஞ்சிதா கடை வாசலில் போய் நின்றார். ரஞ்சிதா எல்லா வயரையும் பிடுங்கிப் போட்டிருந்தாள். பெட்டியைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலத் துடைத்தாள். பச்சை விளக்கு எரிகிற இடத்தின்மேலேயே பெரிதாகச் சந்தனம் அப்பினாள். வயர்களைச் செருகினாள். ஒரு முனை மிஞ்சியது.

வெள்ளைச்சாமி வாசலிலிருந்து ஒரு படி உள்ளே ஏறினார்.

“ஒண்ணு தொங்குதேண்ணே” என்றாள் ரஞ்சிதா.

“ம்.”

“சும்மா விட்டா நல்லாவா இருக்கு?”

“அது ஒன் இஷ்டம்த்தா.”

அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, காலி ஓட்டையைக் கண்டுபிடித்து, செருகினாள். கிளிக் என்றது. அதைவிட இனிமையான சத்தத்தை வெள்ளைச்சாமி தன் கல்யாணத்தில்கூடக் கேட்டதில்லை. அந்த முனையைப் பிடுங்கச் சொல்வதுதான் தர்மம். அவர் தர்மத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்கப் போனார்.

விஜயதசமி காலை, வழக்கம்போலப் போன் அடித்தது. வடக்கு. மறுபடியும் வடக்கு. உரக்கடை, பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, எல்லாம் வடக்கு. தெற்கிலிருந்து எந்த நேரமும் வரும் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வடக்கைச் சரிசெய்தார். கவனம் இல்லாததால் டீ வருவதற்கு முன்பே வயரைப் பிடுங்கிவிட்டார். இப்படி ஒரு தொழில் பிசகு அவருக்கு நேர்ந்ததே கிடையாது.

கடைசியில் பொறுக்க முடியாமல் தெற்கே நடந்தார். ரஞ்சிதா கடைப் பெட்டி காசு வந்தது, காசு வந்தது என்று கத்திக்கொண்டிருந்தது.

“ஓடுதா?”

“ஓடுதுண்ணே. இந்த ஒரு ஓட்டையில மட்டும் செவப்பு எரியுது. பொட்டு வச்சது அதுக்குப் பிடிக்கலபோல. மத்ததெல்லாம் பச்சைதான்.”

தனக்குத்தானே கத்த ஆரம்பித்த அந்த ஒரு வழியை மட்டும் பெட்டி தானாக அடைத்துவிட்டு, மற்றக் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஈரத்துணி வீடியோ எதற்கு என்று வெள்ளைச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் நெட்டை வடிவமைக்கவில்லை. ரஞ்சிதாவை முதலில் முழுசாகப் படித்துவிட்டு, அவள் என்னென்ன செய்வாளோ அத்தனையையும் தாங்குகிற ஒன்றைச் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். வயிறு எரிந்தது. வீட்டில் இருந்த கிரைப் வாட்டரை நினைத்துக்கொண்டார்.

சங்கக் கட்டடத்தில் எல்லாரும் கூடினார்கள். சங்கச் செயலாளரும் உரக்கடைக்காரருமான பழனிச்சாமி முதல் தட்டைக் கையில் ஏந்தி நின்றார்.

“தெற்கு வரிசை ஒரு கடைகூட நிக்கல. நாயமாப் பாத்தா அந்தப் புள்ளைக்குத்தான் குடுக்கணும்” என்றார் ஒருவர்.

வெள்ளைச்சாமி தரையைப் பார்த்தார்.

“குடுப்போம். பேரு என்ன?” என்றார் பழனிச்சாமி.

யாருக்கும் நினைவில்லை.

“திருமயம் பக்கம்னு ஞாபகம்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“நம்பராச்சும் இருக்கா? போனப் போட்டு வரச்சொல்லுவோம்.”

“ஒருநாளும் கூப்புடுற வேலையே வரலையே, நம்பர எதுக்கு வச்சுக்கிறது?”

‘தெற்கு’ என்ற பெயரோடு அந்த நம்பர் வெள்ளைச்சாமியின் சட்டைப் பையில், இதயத்துக்கு மேலேயே இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. பழனிச்சாமி கொஞ்சம் பார்த்துவிட்டு, “வெள்ளை, நீயே வாடா மாப்ள. எப்பக் கூப்புட்டாலும் வந்து நிக்கிறவன் நீதான்” என்று தட்டை நீட்டினார். கைதட்டினார்கள். பிறகு அவரை ஓரமாக இழுத்துப்போய்க் காதோடு சொன்னார்: “வடக்கு வரிசைக்கும் அந்தப் புள்ள மாதிரியே போட்றலாம்னு எல்லாரும் சொல்றாங்க. ஒங்கிட்டயாச்சும் நம்பர் இருந்தா குடேன்.”

“தேடிப் பாக்குறேன் மாமா.”

அன்று அவர் பேருந்து நிலையத்தைச் சுற்றவில்லை. நேர்வழியில் வீட்டுக்கு வந்து தட்டை வைத்தார். சொர்ணத்துக்கு என்னவோ நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. பொரியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நம்பரைக் கொடுத்தால் அடுத்த வருஷம் போன் அடிக்காது, தட்டு இல்லை. கொடுக்காவிட்டால், தெரிந்தே மறைத்தவன் என்று தன் காதுக்குள்ளேயே ஒரு பெட்டி கத்திக்கொண்டிருக்கும். வெள்ளைச்சாமி யோசித்துப் பார்த்து, முதலில் சாலாவையே கூப்பிட்டு நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

மணி முழுசாக ஒருதரம் அடிப்பதற்குள் சாலா எடுத்துவிட்டாள்.

“வணக்கம்ங்க. கறம்பக்குடிங்களா? என்ன ஆச்சு, தெற்கு வரிசை நின்னுபோச்சா?” அவள் குரலில் இருந்தது கவலையா, ஆசையா என்று அவருக்குப் புரியவில்லை.

“வடக்கு வரிசை வெள்ளைச்சாமி பேசுறேன்த்தா. தெற்கு ஓடுது.”

“ஓ” என்றாள். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “நல்லதுண்ணே.”

“நல்லதுன்னு சோகமாச் சொல்றே?”

“என்னண்ணே பண்றது, முடிச்சுக் குடுத்ததுலேருந்து ஒரு ஆள் கூப்பிடல. பூஜைக்காவது கூப்பிடுவாங்கன்னு புடவையெல்லாம் எடுத்து வச்சிருந்தேன். நீங்க போனா ஏணி தூக்கிட்டு ஓடிவர்றாங்க, டீ வாங்கித் தர்றாங்க. தெற்கு வரிசையில லைன் போடுறப்ப நான் பாத்துருக்கேன். வயித்தெரிச்சலா இருக்கும்ணே. முதல் தட்டு உங்களுக்குத்தான குடுத்தாங்க?”

வெள்ளைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். கஜா புயலுக்குப் பிறகு அவர் நெஞ்சில் அப்படியொரு குளிர்ச்சி இறங்கியதில்லை. சென்னையில் கம்பெனிகளுக்கு வடிவமைத்தவள், தன்னைப் பார்த்து வயிறு எரிகிறாள். அவர் மனசில் உலகம் முழுக்கப் பச்சை விளக்கு எரிந்தது.

“தட்டு என்னத்தா தட்டு, வெறும் பொரிதான்” என்று பெருந்தன்மையாகச் சொன்னார். சொர்ணம் பொரியை மென்றுகொண்டே அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் குளிர்ச்சியில் வடக்கு வரிசை விஷயத்தையும் சொல்லிவிட்டார்.

“அதுக்கு நான் எதுக்குண்ணே? படம் அனுப்புறேன், நீங்களே போட்டுருங்க. யார் வேணும்னாலும் போடுற மாதிரித்தான் பண்ணியிருக்கேன். அடுத்து வர்ற ஆளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சுத்தான் எதையும் டிசைன் பண்றது.”

அந்த ஒண்ணுமே தெரியாத அடுத்த ஆள் யார் என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் எட்டியது. ஆனால் அதற்குள் படம் வந்துவிட்டது. நல்ல படம். கோபப்படக்கூட இடம் வைக்காமல் அவ்வளவு தெளிவாக இருந்தது.

வடக்கு வரிசையை வெள்ளைச்சாமியே மாற்றினார். பல நிற வயர், ஒரே தினுசு அடாப்டர், சிவப்பு, பச்சை. படத்தில் இருந்தபடி எதிலும் பிசகவில்லை. செயலாளர் அறைக்குப் போகிற ஒரு லைன் மட்டும் பழைய கறுப்பு வயரிலேயே, பழைய பெட்டியிலேயே, புகை வருகிற அடாப்டரோடு இருந்துவிட்டது. வயர் தீர்ந்துபோய்விட்டதாக அவர் சொன்னார்.

அடுத்த விஜயதசமி காலையில் கடைவீதி முழுக்கப் பச்சை எரிந்தது. வெள்ளைச்சாமி குளித்து, வேட்டி கட்டி, போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடித்தது.

“மாப்ள, எல்லாக் கடையும் ஓடுதுடா. என் ரூம்ல மட்டும் நெட்டு இல்ல. சங்கத்து ரூம்லயே ஓடலன்னா தட்டு எப்புடிக் குடுக்குறது?”

“வாரேன் மாமா. பெரிய கோளாறா இருக்கும்போல.”

சீலிங்கைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். டீ வந்தது. தட்டும் வந்தது. இந்தத் தடவை போகிற வழியில் பேருந்து நிலையத்தில் நின்று, இரண்டு தேங்காய் மூடியும் தெரியும்படி தட்டைப் போட்டோ எடுத்துத் ‘தெற்கு’க்கு அனுப்பினார். நீல டிக் விழும்வரை அங்கேயே நின்றார்.

பதில் வந்தது: “வயிறு எரியுதுண்ணே. ரஞ்சிதாக்காவ நானே கூப்பிட்டு விசாரிச்சேன், செயலாளர் ரூம் வயர் மட்டும் கறுப்பாமே. தெற்கு வரிசைக்கும் அதே மாதிரி ஒண்ணே ஒண்ணு போட்டுக்கட்டுமா?”

வெள்ளைச்சாமி அதை இரண்டு முறை படித்தார். தெற்கில் ஒன்று கெட்டால் அவளைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் வருவாள். வந்தால் ஊருக்கே பேர் தெரிந்துவிடும். தட்டோ ஒன்றுதான்.

“நல்லா ஓடுறத எதுக்குத்தா கெடுக்கணும்” என்று தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு, பேருந்து நிலையத்தை இன்னொரு சுற்றுச் சுற்றக் கிளம்பினார்.